குரங்கின் வரைபடத்தில் அக்காவின் ஷெல் துண்டு

“தெரியாது” என்ற ஒரு சொல்லைச் சொல்ல அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை?

மல்லாவியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தையல் தொழில் செய்பவர். போரில் வெடித்த ஷெல்லின் இரும்புத் துண்டு ஒன்று அவருடைய தலைக்குள், பின்பக்கமாக, இருந்தது. வலிப்பு வரத் தொடங்கியதால் அதை எடுத்துவிடலாம் என்று வவுனியாவில் டொக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஸ்கேன் படம் கைக்கு வந்தால், படித்த பிள்ளை யாரிடமாவது காட்டி விளக்கம் கேட்காமல் விடமாட்டார்கள். நான் விலங்கியல் பட்டதாரி என்பதால் அக்கா படத்தோடு என்னிடம் வந்தார்.

“தம்பி, எடுத்தா என்ர கண்ணுக்கு ஏதும் நடக்குமோ? ஊசியில நூல் கோக்கேலாமப் போனா நான் முடிஞ்சன்.”

படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விலங்குகளின் மூளைகளையும் மனித மூளையையும் ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் ஒன்றைக் கைபேசியில் திறந்தேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ஒருவாறு தெளிந்த வரைபடத்தில், துண்டு கிடந்த இடத்தைத் தொட்டேன். பார்வைப் பகுதி என்று காட்டியது. அதையே சொன்னேன்.

“அப்ப வேண்டாம்,” என்று படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

காலையில் கைபேசியில் அந்தப் பக்கம் திறந்தபடியே இருந்தது. மூலையில் சிறிய எழுத்தில் ‘குரங்கு’ என்றிருந்தது. மனித வரைபடம் முதல்நாள் இறங்கவே இல்லை. இப்போது இறக்கிப் பார்த்தேன். குரங்கில் பின்தலையின் வெளிப்புறம்வரை பரவியிருந்த பார்வைப் பகுதி, மனிதரில் பெரும்பாலும், துண்டு கிடந்த இடத்தைவிட்டு விலகி, உள்மடிப்புக்குள் ஒதுங்கிக் கிடந்தது.

அக்காவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. சைக்கிளை மிதித்தேன். சந்தையடியில் வவுனியா பஸ் இரைந்துகொண்டு நின்றது. யன்னலோரம் அவர் இருந்தார்.

“அக்கா, நேற்று நான் பாத்தது குரங்கின்ர மூளை.”

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“அடப்பாவி! உன்ர கதையைக் கேட்டு இரவிரவா அழுதனான். உனக்கு நான் குரங்கோ?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அப்ப கண்ணுக்கு ஒண்டும் நடக்காதோ?”

அப்போதும் ‘ஓம்’ என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

“எனக்குத் தெரியாது அக்கா. டொக்டரிட்டையே கேப்பம்.”

“அப்ப ஏறு. ரிக்கற் நீதான் எடுக்கோணும்.”

ஆபத்தே இல்லை என்று டொக்டர் சொல்லவில்லை. என்ன ஆபத்து, எவ்வளவு என்று விளக்கினார். அக்கா ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டு, துண்டை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்திட்டார்.

அதன்பின் நான் எவருடைய ஸ்கேன் படத்துக்கும் விளக்கம் சொல்வதில்லை. கொண்டுவருபவர்களின் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, டொக்டரிடம் கேட்கச் சொல்லுகிறேன்.