சொந்த ஊர் என்ற கட்டம்

கட்சால் தீவுப் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் ஆர்வமே இல்லையாம். போன வாரம் சங்கத்தின் செயலாளர் போன் செய்து, என்னிடமே இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆர்வம் எனக்கு இருந்தது. கட்சாலில் நான் படித்த பள்ளிக்கூடத்தைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பழைய மாணவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சம் இருந்தது போர்ட் பிளேரில் படித்த அந்தக் கல்லூரி ஒன்றுதான். அதனால் கடைசி வருடம் சங்கத்து ஃபாரம் வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன். சொந்த ஊர் என்ற கட்டத்தில் கட்சால் என்று அழகாக எழுதி நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தவர் இதே செயலாளர்தான். அவரும் தமிழர். அப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை.

"அரே, கட்சால்லாம் ஒரு சொந்த ஊரா? அசல்ல எங்கேர்ந்து வந்தீங்க?"

"அங்கதாண்ணே பொறந்தேன். அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறாங்க."

"அச்சா, சிலோன்வாலா!"

சிரித்துக்கொண்டே கட்சாலை அடித்துவிட்டு, மேலே சிலோன் என்று எழுதினார். கட்சால் ரப்பர் தோட்டத்துக்குச் சிலோனிலிருந்துதான் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஆனால் சிலோனை நான் பார்த்ததே இல்லை. அம்மாவே கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவள். இவர் தாத்தாவும் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர்தான். ஆனால் இவர் போர்ட் பிளேர் என்று எழுதினால் அதை அடிக்க யாருக்குக் கை வரும்?

எனக்குப் பின்னால் வரிசையில் கட்சால் பிள்ளைகள் மூன்று பேர் நின்றார்கள். என் ஃபாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுடையதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் போகவில்லை. சிலோன் என்றிருந்த அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல். இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் அரசு அதிகாரி. அதனால்தான் அந்த போன்.

"சங்கத்து விழாவுக்கு நீங்கதான் மேடம் சீஃப் கெஸ்ட். உங்களப் பாத்தாவது உங்க ஊர்ப் பிள்ளைங்க மெம்பரா சேரட்டும். போஸ்டர்ல 'நம்ம தீவுப் பொண்ணு'ன்னே போடுறோம். சொந்த ஊர் கட்சால்தானே?"

அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

"என் பழைய ஃபாரத்தத் தேடி எடுங்கண்ணே," என்றேன். "உங்க கையால அடிச்சத உங்க கையாலயே திருப்பி எழுதிட்டு, அதுக்கப்புறம் கூப்பிடுங்க."