மொஹரம் கேசரி

2025 ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சித்தூர் வீட்டில் வழக்கம்போல் துணி துவைத்தேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். மொஹரம் என்பதால் கேசரி கிளறி, கீழ்வீட்டுக்கு ஒரு கிண்ணம் எடுத்துப் போனேன். அங்கே குடியிருப்பவள் முஸ்லிம். என்னோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்துகிறவள்.

"பண்டிகை வாழ்த்தும்மா!" என்றேன். நான் பிறந்த பாலசமுத்திரத்தில் அதைத் தெலுங்கில் பீர்ல பண்டுக, அதாவது பீர் சாமிகளின் பண்டிகை என்போம். மேளம் அடித்து, நெருப்புக் குழியைச் சுற்றி எல்லோரும் ஆடுவோம்.

உள்ளேயிருந்து அவள் மகள் தாயைக் கூப்பிட்டுச் சிரித்தாள். "அம்மி, ஆண்ட்டி இந்த வருஷமும் வாழ்த்த வந்துட்டாங்க!"

மகளை அதட்டிவிட்டு அவள் சொன்னாள்: "இன்னிக்கு எங்களுக்கு நோன்பு அக்கா. நபியோட பேரன் உசேனைக் கர்பலாவுல கொன்ன நாளு."

"இத்தினி வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையா வந்துகினு இருந்தீங்க. வெச்சிட்டுப் போங்க, நோன்பு தொறந்துட்டு துன்றோம்."

சாவு வீட்டுக்கு ஆண்டுதோறும் இனிப்போடு போயிருக்கிறேன். எல்லோருடைய பண்டிகையையும் தவறாமல் குறித்துவைக்கிற எனக்கு, அது என்ன நாள் என்று ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் படியேறினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கீழே போய், உசேன் யார், அவருக்கு என்ன நடந்தது என்று அவளிடம் உட்கார்ந்து கேட்டேன்.