ஒத்தக்கடை மாடி வீடும் அப்பாவின் துண்டுச் சீட்டும்

மதுரையில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வீடு எப்படிப் பார்ப்பது என்று இங்கே மலேசியாவில், ஈப்போவிலிருந்து பலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் அங்கே குடித்தனம் வைத்தது 1982இல். நான் சொல்லும் விலைகள் இப்போது செல்லாது. மற்றவை செல்லுமா என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு மேற்படிப்புக்கு மதராசிலும் இடம் கிடைத்திருந்தது. மதுரைதான் என்று அடம்பிடித்தவள் நான். காரணம் என் அப்பா. ஈப்போவிலேயே பிறந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றவர். தாத்தா சாகும்போது கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர், அதன் கீழே 'கீழத்தெரு', அவ்வளவுதான். "நீங்க முதல்ல போயி வீடு பிடிங்க. அடுத்த கப்பல்ல நான் வரேன். நம்ம தெருவ ஒரு தடவை பார்த்துடணும்" என்று சொல்லி அதை என்னிடம் தந்தார்.

பினாங்கிலிருந்து மதராசுக்குக் கப்பலில் ஆறு நாள், அங்கிருந்து மதுரைக்கு ஓர் இரவு ரயில். ஒத்தக்கடையில் மாடி கிடைத்தது. ஓர் அறை, சமையற்கட்டு, மொட்டை மாடிக்குப் போனால் எதிரே யானைமலை. வாடகை இருநூறு ரூபாய். ஊருக்குள் போகப் பத்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். தண்ணீர் கீழே குழாயில் காலை ஐந்தரைக்கு வரும், ஆறரைக்கு நின்றுவிடும். பிந்தினால் அன்றைக்குக் குளியல் கிடையாது.

கீழே வீட்டுக்காரம்மா சுந்தரியக்கா. குடிபோன அன்றே தூக்குச்சட்டி நிறையக் கத்தரிக்காய்க் குழம்போடு மாடியேறி வந்தார். நான் மறுநாள் எங்கள் ஊர் மிளகாய்த் தொக்கான நெத்திலி சம்பல் செய்து அதே சட்டியில் கொடுத்தேன். "ஏத்தா, இம்புட்டு ஒறைப்பா? இன்னுங் கொஞ்சம் போடு" என்று என் சமையற்கட்டிலேயே உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டார். குழாயடியில் என் குடத்துக்கு முதலிடம் பிடித்து வைத்தவரும் அவர்தான். நாற்பது நாள் அப்படி ஓடியது. வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அப்பாவுக்கு அப்படியே எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். வழி கேட்கலாம் என்று சுந்தரியக்காவிடம் சீட்டைக் காட்டினேன். கையில் அன்றைய சம்பலும் இருந்தது, கொடுத்தேன். அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழத்தெருவா? ஒங்கப்பாரு ஊரா இது?"

"ஆமாக்கா, எங்க தாத்தா தெரு."

"மேலூரு பஸ்ல ஏறி எறங்கிக் கேளுங்க, சொல்லுவாக" என்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அசடு.

பத்தே காலுக்குப் பஸ். ஐம்பது நிமிடம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் கண்மாய்க் கரையோடு நடை. ஊர் முனையில் டீக்கடை. பேன்ட் சட்டை போட்ட என் கணவரைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து பெஞ்சைத் துடைத்துவிட்டார். பாதி டீ குடித்த பிறகு தாத்தா பெயரைச் சொல்லிக் கீழத்தெருவுக்கு வழி கேட்டேன். அவர் எங்கள் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தார். பிறகு கூரை வாரியில் செருகியிருந்த இரண்டு கிளாஸைப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? அந்தா, தொட்டியில கழுவி வச்சுட்டுப் போங்க."

எங்கள் சாதி என்ன என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். தாத்தா அதை மட்டும் கப்பல் ஏற்றவில்லை. என் கணவர் தன் கிளாஸைக் கழுவினார். நான் கழுவாமல் பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடந்தேன். கடைக்காரர் பின்னால் திட்டினார், திட்டட்டும். ஆனால் கீழத்தெருவுக்குள் போகவில்லை. அங்கிருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களைப் பார்க்காமல் திரும்பியது டீக்கடைக்காரன் குற்றம் அல்ல, என் குற்றம்.

நாலு மணிக்கு வீடு வந்தோம். சம்பல் கிண்ணம் மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தது, கொடுத்தது கொடுத்தபடி, எறும்பு மொய்த்து. சுந்தரியக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதிருந்தார்.

"எம் மகளுக்கு வரன் பாக்கணும்த்தா. நாலு பேரு பேசுவாக. மாடிய ஒழிச்சுக் குடுத்துரு." கிண்ணத்தைப் பார்த்தபடி, "அம்புட்டு நாளும் ஒங்கையால தின்னுருக்கேனே" என்றார். அந்தக் கண்ணீர் எனக்காக என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தேன்.

அடுத்த வீடு ஆனையூரில். அந்த வீட்டுக்காரரும் எந்த ஊர், எந்தத் தெரு என்றுதான் முதலில் கேட்டார். "மேலத்தெரு" என்றேன். வாய் கூசவில்லை. சாவியை உடனே கொடுத்தார்.

அப்பா தை மாதம் வந்தார். ரயிலடியிலேயே, மூட்டைகளை இறக்கி வைத்த கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது கேட்டால் மேலத்தெரு என்று சொல்லச் சொன்னேன். கப்பலில் எல்லாரிடமும் தன் தெருவைப் பற்றிப் பேசியே வந்தவர். "சரிம்மா" என்றார்.

சரி, வீடு தேடுபவர்களுக்கு: குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் சித்திரையில் படுக்க முடியாது. எந்தத் தெரு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், வீடு கிடைக்காவிட்டால் கிடைக்காமல் போகட்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அப்பா மூன்று வாரம் இருந்தார். நான் சொல்லச் சொன்ன பொய்யை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த ஊருக்குக் கூட்டிப்போ என்றும் கேட்கவில்லை. யார் எந்த ஊர் என்று கேட்டாலும் "ஈப்போ" என்றார். சீட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது.