பூட்டச் சொன்னவர்

பத்மாவதி மேடம் இறந்த செய்தி எங்கள் ஆய்வுக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. சிறுவர் கூர்நோக்கு இல்லங்களைப் பார்வையிடுவதற்கான குழு அது. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்ற தகவலுக்கும், அடையாள அட்டைக்குப் புகைப்படம் கேட்ட நினைவூட்டலுக்கும் நடுவில் அந்த ஒரு வரி இருந்தது. மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பழக்கதோஷம். அவர் உயிரோடு இருந்தபோது அனுப்பிய எதற்கும் இத்தனை பேர் பதில் போட்டதில்லை.

அவரை நினைவுகூர வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீராம்புரத்தில் தனியாக வாழ்ந்த வழக்கறிஞர். வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்காக மட்டுமே வாதாடினார். அதனால் தொழிலில் முன்னேறும் ஆபத்து அவருக்கு நேரவில்லை. நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். வேறு யாரையோ நினைத்து என்னைக் குழுவில் போட்டிருக்க வேண்டும்.

ஆய்வு என்றால் முன்கூட்டியே தகவல் போய்விடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பையன்கள் வரிசையில் நின்று பாடுவார்கள், எங்களுக்கு போண்டா வரும். போண்டாவை நான் கவனிப்பேன், பையன்களை அவர் கவனிப்பார். ஒருநாள் பாட்டு முடிந்ததும் கேட்டார்: "நல்லா பாடினீங்கப்பா. இன்னைக்கு யாரு வரல?"

எல்லாக் கண்களும் தாழ்வாரத்தின் கடைசிக் கதவுக்குப் போய்த் திரும்பின.

அந்த அறைக்கு 'சாந்தி ரூம்' என்று பெயர். உள்ளே ஒக்கலிபுரத்துப் பையன் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் போனில் பேச வேண்டும் என்று அடம்பிடித்துக் காவலரைத் தள்ளிவிட்டானாம். அவனை அடைத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பேச்சையும் நிறுத்திவிட்டான்.

"பனிஷ்மென்ட் எல்லாம் இல்ல மேடம், கவுன்சலிங்தான்" என்றார் கண்காணிப்பாளர்.

"யாரு பண்றாங்க? செவுரா?"

"சும்மா உக்காந்திருக்கறதுதானே மேடம். இதுல என்ன கஷ்டம்?"

"அப்படியா? அவன வெளிய விடுங்க. நான் ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கறேன். பூட்டுங்க."

காவலர் பூட்டினார். தினமும் செய்வதுபோலவே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பணி நேரம் முடிந்ததால் அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார். அவருடைய போன் மேசைமேல் சார்ஜில் இருந்தது. கண்காணிப்பாளர் ஜீப்பை அனுப்பினார், பூட்டை உடைக்க ஆள் தேடினார், எனக்கு இன்னொரு போண்டா கொடுத்தார். அந்த அறைக்குள் ஒருவர் அடைபட்டிருப்பதற்காக அந்த அலுவலகம் ஓடியது அதுவே முதல்முறை.

நான் கதவருகே போய், "மேடம், உங்க பங்கு போண்டாவும் தீர்ந்துடும் போலிருக்கு" என்றேன்.

"பேசாதீங்க சார். அவன்கிட்ட யாரு பேசினாங்க?"

அதற்குப் பிறகு அந்தக் கதவின் முன்னால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசாமல் நின்றேன்.

ஜீப்பில் காவலர் சாவியோடு வந்து கதவைத் திறந்தபோது, மேடம் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். "இருட்டிடுச்சா?" என்று கேட்டார். மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் சமையலறைக்குக் கட்டம் உண்டு, கழிப்பறைக்கு உண்டு, தனிமைக்குக் கிடையாது. 'இதர' என்ற இடத்தில் எழுதினார்: "குழந்தையைத் தனியே அடைப்பது சட்டவிரோதம். நேரில் சரிபார்க்கப்பட்டது." மறுவாரம் அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள்.

அன்று அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பையன் பக்கத்தில் நின்றிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "பயமா இருந்துச்சா ஆன்ட்டி?"

பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் எதிர்பார்த்தேன்.

"இருந்துச்சுப்பா. ரொம்ப" என்றார். தன் போனை எடுத்தார். "அம்மா நம்பர் சொல்லு."

ஒரு எண்கூடத் தடுமாறாமல் சொன்னான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பதிலை. குழுவில் மற்றவர்கள் வருவதில்லை என்பதால் அடுத்த ஆய்வுக்கு நான் ஒருவன்தான் போக வேண்டியிருக்கும். பயமாக இருக்கிறது. அங்கே எந்தப் பையனாவது கேட்டால், அப்படியே சொல்லிவிடுவேன்.