தர்ஷினிக்கு ஒரு மெத்தை

மணிமேகலைக்குக் கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது ஒரு மார்ச் மாதத்தில். அதற்கு முன்பு ஏழு வருடம், ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை பார்த்தாள். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிற கம்பெனி அது. தனியாக இருந்து இரவு ஷிப்ட் பார்க்கிற ஒருத்தியால் குழந்தையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அவள் மகள் தர்ஷினி ஊத்தங்கரைப் பக்கத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள்.

கணவன் விபத்தில் இறந்தபோது தர்ஷினிக்கு மூன்று வயது. மணிமேகலையின் அக்கா பூங்கொடிக்குப் பிள்ளை இல்லை. நீ போய் ஒரு வேலையைத் தேடிக்கொள், பாப்பா எங்களோடு இருக்கட்டும் என்று அக்காதான் முதலில் சொன்னாள். மனதாரச் சொன்னாள், மனதார வளர்த்தாள். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு மணிமேகலை போய்ப் பார்ப்பாள். குழந்தை "அம்மா" என்றுதான் கூப்பிடும். ஆனால் தலை பின்னிக்கொள்ளச் சீப்பை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போகும். "வா, கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று இவள் கூப்பிட்டால், முதலில் திரும்பிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கும். பெரியம்மா தலையசைத்த பிறகுதான் செருப்பைப் போடும். மணிமேகலை அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

ஜெனரல் ஷிப்ட் வந்ததும் அக்காவிடம் பேசினாள். மே லீவில் இரண்டு வாரம் என்னோடு இருந்து பார்க்கட்டும், பிடித்திருந்தால் அஞ்சாம் வகுப்பை இங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்றாள். பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது என்று பூங்கொடி கேட்டாள். பிறகு சரி என்றாள்.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் மாடி மேல் ஒற்றை அறை அவளுடையது. அதுவரை பாயில்தான் படுத்து வந்தாள். அதே தெருவில் கன்னடக்காரக் குடும்பம் ஒன்று பெங்களூருக்கு வீடு மாறிப்போனது. போகும்போது ஒற்றைக் கட்டிலையும் தேங்காய் நார் மெத்தையையும் அவர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் தந்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட அந்த அம்மாள், மெத்தையை விரல் முட்டியால் தட்டிக் காட்டி, முதுகுக்கு ரொம்ப நல்லது என்று கன்னடத்தில் சொன்னாள். கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது. மகளுக்குக் கட்டில் கிடைத்த சந்தோஷத்தில் மணிமேகலைக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மயில் படம் போட்ட விரிப்பு ஒன்று வாங்கி விரித்தாள்.

தர்ஷினி வந்தாள். பெண்ணை மேலே படுக்கவைத்துவிட்டு மணிமேகலை கீழே பாய் விரித்துக்கொண்டாள். மூன்றடிக் கட்டிலில் குழந்தை தாராளமாகப் படுக்கட்டும் என்று நினைத்தாள். முதல் நாள் காலையில் பெண் கண் சிவந்து எழுந்தது. புது இடம் என்று இவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் தோளும் இடுப்பெலும்பும் வலிக்கிறது என்றது. அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள் தர்ஷினி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"இங்க மெத்தை கல்லு மாதிரி இருக்குது பெரிம்மா. நம்மூட்டு மெத்தை மெத்துனு இருக்கும்ல. எனக்குத் தூக்கமே வரல."

நம்ம வீடு என்ற சொல்தான் மணிமேகலையைத் தைத்தது. ஐந்தாம் நாள் அவளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அஞ்சாம் வகுப்பு ஊத்தங்கரையிலேயே தொடங்கியது.

திரும்பி வந்தவள் அறையில் அந்தக் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வருடத்தை அவளால் திருப்பி எடுக்க முடியாது. தலை பின்னிய பழக்கத்தை மாற்ற முடியாது. ஆனால் ஒரு மெத்தையை ஏதாவது செய்யலாம். அந்த எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது.

கடையில் புது மெத்தை விலையெல்லாம் அவளுக்கு எட்டாதது. முதலில் மெத்தையை வெயிலில் போட்டுத் தடியால் அடித்தாள். தூசிதான் போனது. இரண்டு கம்பளியை மடித்து மேலே போட்டாள். ஒருமுறை புரண்டால் அவை ஓரத்தில் சுருண்டன. அக்கா வீட்டுக் கொல்லையில் இலவமரம் இருக்கிறது, கேட்டால் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. பெண்ணையே அவளிடமிருந்து கேட்கப்போகிறோம், பஞ்சையும் கேட்பதா என்று இருந்தது.

கீழ்வீட்டில் சுடலைமுத்து என்று ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், கார் சீட் தயாரிக்கிற இடத்தில் வேலை. மெத்தை மாடியில் காய்வதைப் பார்த்துவிட்டு ஒருநாள் விசாரித்தார். மணிமேகலை சொன்னாள். அவர் முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார்.

"யக்கா, இத மாத்தாண்டாம். அடியில கெட்டியா இருக்கது நல்லதுதான். மேல ரெண்டு இஞ்சுக்கு மெத்துன்னு ஒண்ணு கெடந்தா போதும். பாகலூர் ரோட்டுல வெட்டுத்துண்டு ஃபோம் எடைக்குப் போடுதான். பாத்து எடுக்கணும், நான் வாரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவி நாகம்மாளும் கூட வந்தார்கள். கடைக்குள் ஃபோம் துண்டுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கையை மூடி அழுத்தினால் நசுங்கி அப்படியே கிடப்பது சீக்கிரம் உட்கார்ந்துபோகும், விட்டதும் முழுதாக எழும்புவதை எடுங்கள் என்றார் சுடலைமுத்து. எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடும் பள்ளமுமாக முதுகில் தெரியும் என்றார். மணிமேகலை இரண்டு மணி நேரம் குவியலுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் தர்ஷினியின் தோளெலும்பு நினைவுக்கு வந்தது.

செங்கல் அடுக்குவது போல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையோடு சேராமல் வைத்து ஒட்டினாள். பசை நாற்றம் போக ஒரு வாரம் மாடியில் நிழலில் போட்டாள். தன் பழைய பருத்திப் புடவை இரண்டை எடுத்து உறை தைத்தாள். முதல் உறையை இறுக்கமாகத் தைத்துவிட்டாள். படுத்துப் பார்த்தால் பழையபடி விறைப்பாக இருந்தது. பிரித்து, தளர்வாக மறுபடி தைத்து, துண்டுகள் நகராமல் இருக்கக் கட்டம் கட்டமாகக் கையால் தையல் போட்டாள். கம்பெனி விட்டு வந்து, சோறு வைத்துவிட்டு, தினமும் நாலு கட்டம். எல்லாம் முடிய ஆகஸ்ட் ஆகிவிட்டது.

முடிந்த பிறகும் அவள் அதில் படுக்கவில்லை. பாயில்தான் படுத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது விரிப்பை இழுத்துச் சரிசெய்வாள். கலைக்க ஆளில்லாத விரிப்பு அது. ஆனாலும் தினமும் சரிசெய்தாள்.

காலாண்டு லீவுக்குத் தர்ஷினி வந்தாள். மெத்தையைப் பற்றி மணிமேகலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டதும் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. தர்ஷினி கட்டிலில் ஏறிச் சாய்ந்தாள். ஒருமுறை புரண்டாள். கையால் அழுத்திப் பார்த்தாள். விரிப்பை ஒதுக்கி, தையல் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இது உன் பச்சப் பொடவதான? எனக்கு மொட்ட போட்டப்ப கட்டியிருந்தியே. போட்டோல இருக்குது."

"ம்."

"நீயே தச்சியா?"

"ஆமா."

மணிமேகலை கீழே பாயை உதறினாள். தர்ஷினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரை ஒட்டி நகர்ந்து படுத்துக்கொண்டாள்.

"எதுக்கு எப்பவும் கீழயே படுக்கற? இங்க எடம் இருக்குது."

மணிமேகலை பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். கால்வாசி உடம்பு வெளியேதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் பெண் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவள் முழங்கால் இவள் வயிற்றில் வந்து இடித்தது. மூன்று வயதுக்குப் பிறகு அந்தப் பெண் தூங்கும் மூச்சை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. மழை விட்டு, கரண்ட் வந்து, ஃபேன் சுற்றத் தொடங்கிய பிறகும் அவள் அசையவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

லீவு முடிகிற நாளில் தர்ஷினியே கேட்டாள், ஆறாம் வகுப்பு சேர்ந்தால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாமா, பஸ்ஸில் போகணுமா என்று. நடந்தே போகலாம் என்றாள் மணிமேகலை.

"பெரிம்மாகிட்ட நீ சொல்லாத. நான் சொல்றேன்" என்றாள் பெண்.

அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பூங்கொடி போன் செய்தாள். மழை, எருமை, சந்தை என்று என்னென்னவோ பேசினாள். கடைசியில், "அவளுக்குத் தலைக்கு எண்ணெ அதிகமா வெக்காத, சளி புடிச்சிக்கும்" என்றாள். சரி என்றாள் மணிமேகலை. இருவரும் போனை வைக்கவில்லை.

அடுத்த ஜூன் மாதம் தர்ஷினி ஜூஜுவாடிக்கு வந்துவிட்டாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பூங்கொடி வந்து தங்கிப் போகிறாள். அன்றைக்குத் தர்ஷினி பெரியம்மாவை ஒட்டிக்கொண்டு கட்டிலில் படுத்து, ஊர்க் கதையெல்லாம் கேட்பாள். மணிமேகலை தானாகவே கீழே பாயை விரித்துக்கொள்கிறாள். மேலே இருவரும் குசுகுசுவென்று சிரிப்பது கேட்கும்போது இன்னமும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. திங்கட்கிழமை காலையில் தர்ஷினி சீப்பை எடுத்துக்கொண்டு மணிமேகலையிடம் வருகிறாள்.