மூடிக்குள் ஆறு பேர்

திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே கஜபதியின் பொம்மைப் பட்டறை இருந்தது. அங்கே பொம்மையை முழுசாகச் செய்து விற்பதில்லை. கல்யாண முருங்கை மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, எப்படிப் பூட்டுவது என்று ஒரு தாளும் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கினவர்கள் வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தாளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவது என் வேலை.

1956 ஆடிக் கிருத்திகைக்குப் புதிதாக நீர்மூழ்கிக் கப்பல் போடுவதென்று கஜபதி தீர்மானித்தார். ஒன்றுக்குத்தான் அச்சு வெட்ட நாள் இருந்தது. மாதிரியோ இரண்டு தயாராகியிருந்தன.

ஒன்று கஜபதி செய்தது. ஏழே துண்டு. ரப்பரை முறுக்கி விட்டால் வாலில் விசிறி சுற்றி, தண்ணீருக்குள் முங்கிப் போய், முறுக்குத் தீர்ந்ததும் மேலே வர வேண்டும். ஆனால் பாதித் தடவை முங்காமல் வாத்து மாதிரி மேலேயே ஓடிற்று.

மற்றது அவருடைய மைத்துனர் நாகராஜன் செய்தது. நாற்பத்தாறு துண்டு.

நாகராஜன் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. யுத்தத்தின்போது கடற்படையில் தச்சராகச் சேர்ந்தார். திருகோணமலையில் பழுதுக்கு வந்த ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் பதினோரு நாள் கட்டில் பலகை மாற்றினாராம். பன்னிரண்டாம் நாள் அது புறப்பட்டுப் போயிற்று. திரும்பவில்லை. ஊருக்கு வந்து அக்கா வரலட்சுமியின் வீட்டிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அனேகமாக எதுவுமே சொல்லவில்லை. பட்டறையில் என் பக்கத்துப் பலகையில்தான் மூன்று வருஷம் உளி பிடித்தார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று ஞாபகம் வராது.

நீர்மூழ்கி என்றதும் அவராகவே வந்து மரம் கேட்டார். நான்கு மாதம் செய்தார். உள்ளே இரண்டடுக்குக் கட்டில்கள், விரல் நகம் அளவு அடுப்பு, அதன்மேல் கெட்டில். பூட்டி முடித்தால் அதில் ஒன்றும் வெளியே தெரியாது.

"மூடிட்டா எவன் பாக்கப் போறான் நாகா?" என்று கஜபதி கேட்டதற்கு, "உள்ள கீதுல்ல பாவா" என்றார் அக்கா புருஷனிடம்.

எந்தப் பெட்டியைப் போடுவது என்பதை எங்கள் பட்டறையில் மொட்டைகள்தான் தீர்மானிப்பார்கள். மலையில் முடி கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைக் கூப்பிட்டு வாசல் பலகையில் உட்காரவைப்போம். பள்ளிப்பட்டு பஸ் வருவதற்குள் பூட்டி முடித்தால் பெட்டி தேறிற்று.

வரலட்சுமி முதல் நாளே புருஷனிடம் சொல்லிவிட்டாள். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, எல்லோர் காதிலும் விழும்படிதான்.

"இந்த ஒரு வாட்டி மொட்டைங்க வேணாங்க. தம்பி செஞ்சதையே போட்டுடுங்க."

"நாப்பத்தாறு துண்டுடி. எந்தக் கொயந்த பூட்டும்?"

"பத்து வருசமா சோறு, தண்ணிக்கு மேல வாய் தொறக்காதவன். இப்பதான் அரம் எங்க, ஆணி எங்கன்னு கேட்டுகினு கீறான். வேணாம்னு சொன்னீங்கன்னா மறுபடியும் மூடிக்குவான்."

கஜபதி தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டைத் தூக்கிலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் பலகையில் உட்கார்ந்தவர் பள்ளிப்பட்டு நெசவாளி பங்காரு. கூடவே அவர் மகள் பத்மா, எட்டு வயது. இரண்டு பேருக்கும் புது மொட்டை. கஜபதி நாகராஜன் பெட்டியை அப்பாவிடமும் தன் பெட்டியை மகளிடமும் கொடுத்தார். நாகராஜன் உள்ளே கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

"இன்னாங்க இது, எறும்புக்குக் கட்டில் போடச் சொல்றீங்க?" என்றார் பங்காரு.

"நைனா, நான் முடிச்சுட்டேன்" என்றாள் பத்மா.

"நீ சும்மா இரு. இங்க ஒரு கட்டிலு கால் காணாப் போச்சு."

பத்மா தன்னுடையதை முறுக்கி, வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டாள். வாத்து மாதிரி ஓடிற்று. எடுத்து மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாருமே இல்லியே. யார் ஓட்றாங்க?"

"பொம்மைம்மா அது" என்று கஜபதி சிரித்தார்.

நாகராஜன் வெளியே வந்துவிட்டார். தொட்டியருகே குந்தி உட்கார்ந்தார். ஒற்றையா இரட்டையா ஆட அவள் பாவாடை முடிச்சில் வைத்திருந்த புளியங்கொட்டைகளைக் காட்டி, "ஆறு குடு" என்றார். கொடுத்தாள். ஒவ்வொன்றாக அவளுடைய கப்பலுக்குள் உட்காரவைத்தார்.

"இவரு கேப்டன். முன்னாடி. இவன் மிசின் பாக்கறவன். இவன் சமையக்காரன், உப்புப் போட மறந்துடுவான்."

"திட்ட மாட்டாங்களா?"

"ஆங், திட்டுவாங்க. இவனுக்கும் இவனுக்கும் ஒரே கட்டில். ஒருத்தன் எயுந்தா இன்னொருத்தன் படுப்பான். எப்பவும் சூடாவே இருக்கும்."

"ஆறாவது ஆளு?"

நாகராஜன் அந்தக் கொட்டையை விரலால் துடைத்தார். "இவன் பாடுவான்" என்றார்.

மூடியைப் பொருத்தி, முறுக்கி, தண்ணீரில் விட்டார். கொட்டைகளின் கனத்தில் கப்பல் தாழ்ந்து மிதந்தது. அப்புறம் மூக்கைச் சாய்த்து முங்கிற்று. தொட்டியின் அந்த முனையில் மேலே வந்தது. பத்மா ஓடிப்போய் எடுத்துத் திறந்து எண்ணினாள்.

"ஆறு பேரும் கீறாங்க!"

பள்ளிப்பட்டு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பங்காரு கையில் பதினாலாவது துண்டு இருந்தது. அவர் மகளைப் பார்த்தார். அவள் நாகராஜனை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்: எங்கே குளிப்பார்கள், ராத்திரி ஆனது எப்படித் தெரியும், பாடினவன் என்ன பாட்டுப் பாடினான். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

"போனாப் போவுது, அடுத்ததுல போறோம்" என்று பங்காரு கண்டக்டருக்குக் கை காட்டினார்.

வரலட்சுமி தூக்கோடு தெருவிலேயே நின்றுவிட்டாள். கிட்டே வந்தால் கலைந்துவிடுமோ என்று பயந்தவள்போல.

அவர்கள் போனபின் கஜபதி தொண்டையைச் செருமினார். "நாகா, உன்னுத கொஞ்சம் கொறச்சி..."

"உன்னுதையே போடு பாவா. இத்த நான் எனக்கோசரம்தான் செஞ்சேன் போலக் கீது" என்றார் நாகராஜன். நாற்பத்தாறு துண்டையும் அவரே பொறுக்கிப் பெட்டியில் வைத்தார். முகம் வாடவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

"தாள்ல ரெண்டு வரி சேத்துக்கோ."

அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் திருத்தி வாசித்துக் காட்டினேன்: மூடுவதற்கு முன் ஆறு புளியங்கொட்டைகளை உள்ளே உட்காரவைக்கவும். கப்பல் திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து, எண்ணிப் பார்க்கவும்.

"முதல் வரி சரி, கனத்துக்கு" என்றார் கஜபதி. "ரெண்டாவது எதுக்குடா?"

"இருக்கட்டும் பாவா."

கஜபதி மைத்துனரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "தெலுங்குலயும் எழுதிடு" என்றார்.