ஆடுகள் நின்ற புல்வெளி

லண்டன் டூட்டிங்கில் வெயில் சாடையாக எட்டிப் பார்த்தால் போதும், எங்கள் தெருக்கோடிப் பார்க்கில் சனம் புல்லில் விழுந்து படுத்துவிடும். பாய் இல்லை, துண்டு இல்லை. கோட்டுப் போட்டு வேலைக்குப் போகிற மனிதர்கூடச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கிடப்பார். ஊரில் ஒருவர் அப்படி வெட்டையில் கிடந்தால் நாலுபேர் தண்ணீரோடு ஓடி வருவார்கள். வந்த புதிதில் எனக்கும் ஓடத்தான் தோன்றியது. பிறகு பழகிவிட்டது. என் மனைவி சாந்திக்கு மட்டும் பழகவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பார்க்கின் தார்ப்பாதையை விட்டு அவள் ஒரு காலை இறக்கியதில்லை. குறுக்கே கொஞ்சம் புல்லைத் தாண்டினால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றாலும் சுற்றித்தான் வருவாள். பஸ் போய்விடும். "போனால் போகட்டும், அடுத்தது வராதோ?" என்பாள்.

எங்கள் ஒரே மகள் ஆரணி டொக்டராகி, வேல்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். பக்கத்துக் கிராமத்தில் வீடு எடுத்திருக்கிறாள். பின்கதவைத் திறந்தால் காடு, காட்டுக்கு மேலே மலை. ஷிப்ட் முடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மலை ஏறப் போய்விடுகிறாள். ஹைக்கிங் என்கிறாள். டூட்டிங்கில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "பெட்டியைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தமே, அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கெண்டு இப்பதான் தெரியும்" என்றார். அந்தப் பேச்சை நான் கனநாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே போகும்போதெல்லாம் சாந்தி குசினியை விட்டு நகரமாட்டாள். மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, ஃப்ரீசரை நிரப்பிவிட்டு லண்டனுக்குத் திரும்புவாள். மலைக்கு வாங்கோ என்று மகள் கேட்டால் முழங்கால் வலி என்பாள். டொக்டரிடம் அந்தக் கதை எத்தனை நாளைக்கு எடுபடும்? போன மே மாதம் ஆரணி தாயைக் கதிரையில் இருத்தி, காலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். "அம்மா, உங்கட முழங்கால் என்ரையை விட நல்லா இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பின்னேரம் குப்பை போட வெளியே வந்தபோது என்னிடம் வேறு குரலில் பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்கு நான் இஞ்ச இருக்கிறது விருப்பமில்லை, என்ன? என்ர லைஃபைப் பாக்க அவ வரேல்லை. கறி வைக்கத்தான் வாறா. இனி நான் கூப்பிடமாட்டன்."

எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. சில கதைகள் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவள் பிறந்தபோதே நானும் சாந்தியும் பேசி முடித்திருந்தோம். மகள் சொன்னதை மட்டும் சாந்தியிடம் சொன்னேன். அவள் அடுத்தநாள் காலையில் வெளிக்கிட்டு, சப்பாத்துக் கட்டி, வாசலில் நின்றாள். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

காட்டுக்குள் பிழை ஏதும் நடக்கவில்லை. மர லொறி போகிற சரளைக்கல் பாதை அது. இரண்டு பக்கமும் மரங்களுக்குக் கீழே ப்ளூபெல் பூக்கள் நிலமே தெரியாமல் நீலமாகப் பூத்திருந்தன. பூவை மிதிக்காதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று ஒரு பலகை. ஆரணி அதை வாசித்துச் சொன்னதும் சாந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சனம், எல்லாரையும் பாதையாலதான் போகச் சொல்லுது" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன மரம், அது என்ன குருவி என்று கேட்டபடி நடந்தாள். ஆரணி ஒரு சின்னப் பிள்ளையைப்போல எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு போனாள்.

காடு முடிந்த இடத்தில் வேலி. வேலியில் ஒரு கடப்பு, எங்கள் ஊரில் ஆள் ஏறி இறங்க வேலியில் விடுவோமே, அதே மாதிரி, மரப்படி வைத்தது. அதற்கு அப்பால் பெரிய புல்வெளி, அதன் நடுவே மலைக்கு ஏறும் வழி. அந்தப் புல்வெளி ஒரு விவசாயியின் சொந்தக் காணி, ஆனால் யாரும் அதற்குள்ளால் நடந்து போகலாம், அது சட்டம் என்றாள் ஆரணி. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். எல்லை வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோடு கச்சேரி ஏறின சாதி நாங்கள். "இவைக்கு வழக்குப் பேச ஒரு அப்புக்காத்தும் இல்லையோ?" என்று கேட்டேன். ஆரணி சிரித்தாள். சாந்தி சிரிக்கவில்லை. அந்த வழியில் கல்லும் இல்லை, தாரும் இல்லை. புல்லில் ஆட்கள் நடந்த மெல்லிய தடம் மட்டும்தான். அவள் படியில் ஒரு காலை வைத்தபடி, புல்வெளி முழுக்க மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகளையும் குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்த வேண்டாம் என்று மகளுக்குக் கண்ணால் காட்டினேன்.

அப்போதுதான் அந்த விவசாயி நாலுசில்லு மோட்டார் வண்டியில், பின்னால் நாயோடு வந்தார். தொப்பி போட்ட வயதான மனிதர். சாந்தி ஆடுகளைப் பார்த்த பார்வையைக் கண்டு, "ஆட்டுக்குப் பயமா? பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லுமுன் ஒரு விசில். நாய் பறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஆடுகள் எல்லாம் மேல்மூலைக்கு ஒதுங்கிவிட, புல்வெளி வெறிச்சோடிப் போனது. இனி வரலாம் என்று கையால் காட்டிவிட்டு, நாயைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"அது என்ன பாஷை?" என்றாள் சாந்தி.

"வெல்ஷ். அவேன்ர சொந்தப் பாஷை. வாங்கோ அம்மா."

சாந்தி படியிலிருந்து காலை எடுத்தாள். "வீட்ட போவம், பிள்ளை."

"அம்மா, உங்களுக்காக அந்த மனுசன் அவ்வளவு ஆட்டையும் கலைச்சு விட்டிருக்கிறார். இன்னும் என்ன?" ஆரணியின் குரல் உடைந்தது. "என்னோட நடக்க அவ்வளவு கஷ்டமா?"

"ஆடு நிண்டிருந்தா வந்திருப்பன்" என்றாள் சாந்தி. "எல்லாத்துக்கும் நாலு காலும் இருந்தது. நான் வடிவாப் பாத்தனான். இப்ப எது எங்க நிண்டதெண்டு தெரியேல்லை."

ஆரணிக்கு விளங்கவில்லை. சாந்தி என்னைப் பார்த்தாள். பேசி முடித்திருந்ததை அவளே அவிழ்த்தாள்.

நாங்கள் கல்யாணம் முடித்த புதிதில் இடம்பெயர்ந்து போய், பிறகு ஊருக்குத் திரும்பி வந்த காலம் அது. எந்த வளவில் மிதிவெடி புதைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பனங்காணிக்குள் எங்கள் சிவப்புப் பசு புல்லைக் கண்டு இறங்கியது. சத்தம் கேட்டு ஓடின சாந்தியை நான் இடுப்பில் பிடித்து நிறுத்தினேன். பசு மூன்று காலில் நின்று எங்களைப் பார்த்தது. கிட்டப் போக ஒருவராலும் ஏலவில்லை. இருட்டும்வரை அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு மாடு ஆடு மேய்ந்து முழுசாகத் திரும்பி வந்த இடத்தில்தான் அவள் கால் வைப்பாள். லண்டன் பார்க்கில் அப்படி எதுவும் மேய்வதில்லை.

ஆரணி தாயின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கடப்பைத் தாண்டி அந்த மனிதரிடம் ஓடினாள். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றுவதும் திரும்பப் போடுவதும் தெரிந்தது. வண்டியிலிருந்து ஒரு தீவன வாளியை எடுத்துக் குலுக்கினார். இம்முறை நாயை ஏவவில்லை. வாளியோடு நாங்கள் போக வேண்டிய தடத்திலேயே மெல்ல நடந்தார். சத்தத்துக்கு ஆடுகள் இறங்கி வந்து, தடத்தை நிறைத்துக்கொண்டு அவர் பின்னால் போயின. எங்களைக் கடக்கும்போது, "அம்மாவை ஆறுதலாக, மெல்ல வரச் சொல்லுங்கள். இதுகளுக்கு ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போகத் தேவையில்லை" என்றார். எவ்வளவு அழகான பேச்சு.

சாந்தி படியேறி இறங்கினாள். கடைசி ஆட்டுக்குப் பின்னால் அவள், அவள் கையைப் பிடித்தபடி ஆரணி, அதற்குப் பின்னால் நான். பாதிவழியில் ஆரணி தாயின் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். சாந்தி நடையை நிறுத்தாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மறுபடி கல்பாதை வந்தது. அங்கிருந்து பார்த்தால் கிராமம் முழுக்கத் தெரிகிறது. "அந்தச் சிவப்புக் கதவு உன்ர வீடோ?" என்று சாந்தி கேட்டாள். "ஓம் அம்மா." "நல்ல இடம்தான் பிள்ளை" என்றாள். ஆரணி பாதையை விட்டிறங்கிப் புல்லில் இருந்தாள். சாந்தி குனிந்து பார்த்தாள். சுற்றிவர ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அவளுக்கு அது போதும். இறங்கிப் போய் மகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் அங்கயே நிக்கிறியள்? வாங்கோ."

பயம் அவளுக்கு மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வேல்ஸில்தான் நின்றேன், சந்தேகமில்லை. தூரத்தில் அந்த மனிதர் நாயோடு தன் பாஷையில் பேசுவது காற்றில் வந்தது. ஆனால் என் கால் கல்லை விட்டு இறங்க மறுத்தது. கீழே பார்த்தேன். சாந்தி நடந்து போன இடங்களில் புல் இன்னும் நிமிரவில்லை. ஒவ்வொரு அடியாக, அவள் மிதித்த இடத்தில் மட்டும் மிதித்து, அவர்களிடம் போனேன்.